பிள்ளைக்காம்பராவில் வெள்ளையம்மா

மழை பெய்தால் ரப்பர் மலையில் பால்வெட்டு இல்லை. பட்டை நனைந்திருக்கும்போது கத்தி வைத்தால் பால் வெட்டுக் கோட்டில் இறங்காது. மரத்தின் உடம்பெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். அதனால் வைகாசி, ஆனி மாதங்களில் எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர்களுக்கு வானத்தைப் பார்ப்பதுதான் பாதி வேலை. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்து ஆனியில் நான் வானத்தைப் பார்க்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் சிமெந்துத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, செத்துப்போன என் பெண்சாதியின் முகத்தைப் பிளாஸ்டிக் கட்டைகளால் வைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் என் மகள் தனுஜா. அவளுக்குப் பரிசம் போட தெஹியோவிட்டப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. ஆனிக் கடைசி ஞாயிறு. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்குத் தாய் இல்லையென்றால் பரிசப் புடவையை முதலில் தாயின் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடுவார்கள். பிறகுதான் பெண் கையில் கொடுப்பார்கள். தாயே எடுத்துக் கொடுக்கிறாள் என்று அர்த்தம். தனுஜாவுக்குத் தாயும் இல்லை, தாயின் படமும் இல்லை.

"வெறும் சுவத்துக்கு முன்னால புடவைய வைக்க மாட்டேன்ப்பா," என்று சொல்லிவிட்டாள். "வேணும்னா பரிசத்தத் தள்ளிப் போடுங்க."

"எம்புட்டு நாளைக்கு?"

"அம்மா மொகம் கெடைக்கிற வரைக்கும்."

அவள் அழுது சொல்லியிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

வெள்ளையம்மா போனது தொண்ணூற்றெட்டில். காய்ச்சல், மூன்றே நாள். உயிரோடிருந்தபோது அவளை ஒரே ஒரு தடவைதான் படம் பிடித்திருக்கிறோம். அது அடையாள அட்டைக்காக. அவள் இறந்ததைப் பதியப் போன இடத்தில், அட்டையை ஒப்படைக்க வேண்டும், அதுதான் சட்டம் என்றார்கள். நான் இரண்டு கையாலும் நீட்டினேன். நீட்டிவிட்டு ஒரு கும்பிடும் போட்டேன். காட்டிய இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்திவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, விரலில் இருந்த மையை இடுப்புச் சாரத்தில் துடைக்கும்போதுதான் கொடுத்துவிட்டு வந்தது அவளுடைய முகம் என்று உறைத்தது. அதுவரைக்கும் அது ஒரு காகிதம். எழுத்துத் தெரியாதவனுக்குக் காகிதமெல்லாம் ஒன்றுதான். கேட்டால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் கும்பிட வேண்டும்.

பிறகுதான், நாற்பத்தைந்து வயதில், எழுத்துப் படிக்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். கட்டம் போட்ட கொப்பியில் கட்டத்துக்கு ஓர் எழுத்து. கத்தி பிடித்துக் காய்த்த கை பென்சிலைப் பிடிக்க மாட்டேன் என்றது. 'வெ' என்ற எழுத்து ஒரு கட்டத்துக்குள் அடங்க ஒரு மாதம் ஆனது.

வெள்ளையம்மாவின் தங்கச்சி சுப்பம்மா அந்த அட்டை விஷயத்துக்காக என்னோடு பேச்சை நிறுத்தினாள். "ஒரு போட்டோக் கொப்பி எடுத்துட்டுக் குடுத்திருக்கலாமே, ஒரே ஒரு கொப்பி," என்று காரியத்தன்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கேட்டாள். அதுதான் கடைசி. ஏழு வருஷமாக வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பராவில் இருக்கிறோம், ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறோம், ஒரு வார்த்தை இல்லை.

படம் தேடி நான் முதலில் போனது யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவுக்கு. அட்டைக்குப் படம் எடுத்த புவாட் நானாவின் ஸ்டூடியோ இன்னும் அங்கேதான் இருந்தது.

"பழைய பிலிம் எல்லாம் ஈரத்துல ஒட்டிப் போய்ப் பாளம் பாளமா ஆகிட்டுதே பழனியாண்டி," என்றார் அவர். "பிரிச்சா தோல் உரியிற மாதிரி உரியுது. எல்லாத்தையும் எரிச்சிட்டேன்."

நான் அங்கேயே நின்றேன். போகவும் மனமில்லை, கேட்க வேறு எதுவும் இல்லை. அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். மேசையில் கிடந்த பத்திரிகையை விரித்து, அதில் இருந்த ஒரு பெண்ணின் படத்தின் மேல் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கச் சொன்னார். குனிந்து பார்த்தேன். பெண்ணைக் காணோம். கறுப்புப் புள்ளிகள், வெள்ளை இடைவெளிகள், அவ்வளவுதான். கண்ணாடியை எடுத்ததும் அவள் திரும்ப வந்து சிரித்தாள்.

"பார்த்தியா? மொகம்னு ஒண்ணும் இல்ல. புள்ளி. கொஞ்சம் தள்ளி நின்னாத்தான் மொகம். யாராச்சும் படம் கீறுறவன்கிட்ட அடையாளம் சொல்லி வரையச் சொல்லு."

படம் கீறுகிறவனுக்கு நான் எங்கே போவேன்? ஆனால் அந்தப் புள்ளிகள் பஸ்ஸில் என்னோடு ஏறிக்கொண்டன. வழி முழுக்க, மழை பட்ட கண்ணாடியில், ஒவ்வொரு துளியும் ஒரு புள்ளியாக நின்றது.

தனுஜா பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை பார்த்தாள். தாய்மார் மலைக்குப் போனதும் கைப்பிள்ளைகளையும் நடக்கிற பிள்ளைகளையும் அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். முந்திய மார்கழியில் கடல் பொங்கிய கரைப் பக்கத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த சாமான்களில் மிஞ்சிய பெட்டிகள் எங்கெங்கோ போயின. கடலையே பார்த்திராத எங்கள் தோட்டத்துக்கும் ஒரு பெட்டி வந்தது. அதில் ஒரு சாக்கு நிறைய பிளாஸ்டிக் கட்டைகள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு. கட்டைகளைப் பதிப்பதற்குப் பச்சை நிறத்தில் இரண்டு பெரிய தட்டுகள்.

யட்டியாந்தோட்டையிலிருந்து வந்த மறுநாள், மகளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனவன் அந்தத் தட்டைப் பார்த்தேன். வரிசை வரிசையாகக் குமிழ்கள். கட்டம் போட்ட கொப்பியேதான்.

"இதுல அம்மாவ வச்சுப் பார்க்கட்டுமா?" என்றேன்.

தனுஜா என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். "புள்ளைங்க தூங்குற நேரத்துல மட்டும்தான்ப்பா. மூணு மணிக்கு எந்திரிச்சுதுன்னா கட்டையத்தான் கேக்குங்க. அப்ப எல்லாத்தையும் கலைச்சுச் சாக்குல போட்டுடணும்."

"சரி."

"இது ஆகுமா அப்பா?"

"தெரியாது."

அப்படித்தான் தொடங்கியது. பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் சாப்பிட்டு முடிப்பார்கள். கூரை வளையிலிருந்து பழைய புடவைகளில் கட்டிய தொட்டில்கள் தொங்கும். ஊதா, ரோஸ், மஞ்சள் பூப்போட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு பாரம் விழுந்து, ஆடி, அடங்கும். நடக்கிற பிள்ளைகள் பாயில் வரிசையாகக் கிடப்பார்கள். தகரத்தில் மழை விழும் சத்தத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு மூச்சு ஒன்றாகக் கேட்கும். ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் நனைந்து கறுத்து நிற்கும். அந்த வெளிச்சத்தில் எனக்கு நேரம் தெரியாது. நான் விழித்திருக்கிறேனா, நானும் அந்தத் தொட்டில்களில் ஒன்றில் கிடக்கிறேனா என்றுகூடச் சில சமயம் தெரியவில்லை.

முதல் நாள் வைத்த முகம் சாய்ந்து போனது. நானாகச் சாய்க்கவில்லை. இடது மேலிருந்து வலது கீழாக என் கை தானே இறங்கியது. முப்பது வருஷமாக மரத்தில் அப்படித்தான் கோடு இழுக்கிறேன். இடப்பக்கம் உயரம், வலப்பக்கம் பள்ளம், பால் ஓடிவந்து சிரட்டையில் விழ வேண்டும். நெற்றி, புருவம், வாய் எல்லாம் அதே சரிவில் விழுந்தன.

தனுஜா வாசலில் போய் நின்று பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"என்னாப்பா இது, அம்மா தாடைக்குக் கீழ ஒரு சிரட்டைய வச்சிடுவோமா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்று மணிக்குக் கலைத்தோம்.

அதன் பிறகு நேராக வைக்கப் பழகினேன். மேல் வரிசை முடியாமல் கீழ் வரிசைக்குப் போவதில்லை என்று கையைக் கட்டிப்போட்டேன். கறுப்பும் வெள்ளையும் மட்டும் எடுத்தேன். நடு வகிடு, படிய வாரிய தலை, இரண்டு பக்கமும் இரண்டு காது, நேராகப் பார்க்கும் கண். நான்காம் நாள், வாசலிலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது ஒரு பெண் தெரிந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சுப்பம்மா வந்தாள். அவளுடைய கடைக்குட்டி ஷாமிளாவுக்கு எட்டு மாதம். மழை நாளில் பெண்களுக்கு மலையில் புல்வெட்டு; தினமும் ஒரு மணிக்குப் பால் கொடுக்க அங்கேயிருந்து இறங்கி வருவாள். மழைக்குப் போர்த்தியிருந்த கொங்காணியைக் கழற்றி மாட்டிவிட்டு, தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். என்னோடு பேச மாட்டாள் அல்லவா, பிள்ளையோடு பேசினாள்.

"பார்த்தியாடி ஷாமிளா, ஒங்க பெரியப்பாவுக்கு மண்டையில பிஸ்ஸு புடிச்சிருச்சு. புள்ளைங்க சாமான வச்சு வெளையாடுறாரு."

நான் ஒரு கட்டையை இறுக்கி அழுத்தினேன்.

"யாருடி அது தட்டுல? பொலிஸ்ல புடிச்சு வச்ச பொம்பள மாதிரி முழிக்கிறா."

"ஒங்க பெரியம்மான்னு சொல்லு தங்கம்," என்றேன் நானும் பிள்ளையைப் பார்த்து.

சுப்பம்மா சாய்ந்திருந்த சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"எங்க அக்காவா? எங்க அக்கா இம்புட்டு வெள்ளையாடி? பேரு வெள்ளையம்மான்னா வெள்ளைக் கட்டைய அப்பிடுறதா? அவ அடுப்புச் சட்டி நெறம்." தட்டைப் பார்த்து விரலை நீட்டினாள். "இது அந்த அட்டையில இருந்த மொகம்டி. தூக்கிக் குடுத்தாரே, அந்த அட்டை. அது அவ இல்ல. அது அவ பயந்துபோய் உக்காந்திருந்த ஒரு நிமிசம்."

பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கொங்காணியை எடுத்துக்கொண்டு மழைக்குள் போய்விட்டாள்.

அவள் சொன்னது சரி. எனக்கு ஞாபகம் இருந்தது அட்டைதான். அட்டைக்கு வெளியே அவளை நினைத்துப் பார்த்தேன். கைகள் வந்தன. குதிகால் வெடிப்பு வந்தது. வாளிப் பிடி கிறீச்சிடும் சத்தம் வந்தது. முகம் வரவில்லை.

அன்றைக்குக் கட்டைகளைக் கலைத்துப் போட்ட பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் சுவரோரம் சாய்ந்தேன். பிள்ளைகள் எழுந்து சத்தம் போடுவது தூரத்தில் கேட்டது. கண் சொருகியது. ஒற்றையடிப் பாதையில் நான் முன்னால் போகிறேன், அவள் பின்னால் வருகிறாள். எங்கள் ஆட்களிடம் அப்படித்தான். புருஷன் முன்னால், பெண்சாதி பின்னால், பாதையும் ஒரு ஆளுக்குமேல் இடம் கொடுக்காது. வாளி அவள் இடுப்பில் தட்டுகிறது. நான் திரும்ப வேண்டும். திரும்பினால் முகம். ஆனால் எனக்கு முன்னால் ஒரு மரம் வந்து நிற்கிறது, கத்தி கையில் இருக்கிறது, கோடு பாதியில் இருக்கிறது. பாதிக் கோட்டில் கத்தியை எடுக்க முடியாது. அதை முடித்தால் இன்னொரு மரம். அதற்கப்பால் இன்னொன்று. மரங்களின் மேலெல்லாம் பால் வெள்ளையாக இறங்குகிறது. பின்னால் வாளிச் சத்தம் பொறுமையாக நிற்கிறது. நான் ஒவ்வொரு மரமாக முடித்துக்கொண்டே போகிறேன்.

விழித்தபோது தெரிந்துவிட்டது. நான் மறக்கவில்லை. நான் பார்த்ததே இல்லை. என் பங்கு மலையில் இருநூற்றெண்பது மரம். எதில் முடிச்சு, எதில் பழைய காயம், எது மழை முடிந்தால் அதிகம் கறக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பதினெட்டு வருஷம் என் பின்னால் நடந்து வந்தவளின் புருவம் எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பரிசத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. தனுஜாவிடம் சொன்னேன்.

"என்னால ஆகாது புள்ள. அம்மாவ நான் சரியாப் பார்க்கல."

அவள் ஒரு பிள்ளைக்கு மூக்கு துடைத்துக்கொண்டிருந்தாள். "அப்ப யாருப்பா பார்த்திருப்பாங்க?"

எனக்குப் பதில் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஏழு வருஷமாகப் பேசாதவளிடம் எப்படிக் கேட்பது?

மறுநாள் ஒரு மணிக்குச் சுப்பம்மா வந்தபோது தட்டு வெறுமையாக என் முன்னால் கிடந்தது. அவள் பிள்ளையை எடுத்து உட்கார்ந்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"தங்கம் ஷாமிளா. ஒங்க ஆத்தாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுறியா? பெரியம்மாவுக்கு நெத்தி எப்படி இருந்துச்சாம்?"

பிள்ளை குடித்து முடித்துத் தூங்கிவிட்டது. சுப்பம்மா அதைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"இருந்தாலும் இருக்கும், ஒரு நெத்தி," என்றாள் பிள்ளையிடம்.

நான் ஒரு வரிசை கறுப்பு வைத்தேன். அதற்குக் கீழே நெற்றியைத் தொடங்கினேன். அட்டை நிறம் வேண்டாம் என்று சிவப்பும் கறுப்பும் இடையிடையே மஞ்சளுமாகக் கலந்து வைத்தேன். பக்கத்தில் பார்த்தால் பைத்தியக்காரச் சட்டை மாதிரி இருந்தது. தள்ளி நின்று கண்ணைச் சுருக்கினால் ஈர மண் நிறம். நெற்றி பெரிதாக, வட்டமாக வந்தது. இரண்டு கண் வைத்தேன். இரண்டு காதுக்கு இடம் விட்டேன்.

"அய்யோ, காத எடுத்துடுங்க மச்சான்!"

நான் நிமிர்ந்தேன். தனுஜாவும் நிமிர்ந்தாள். சுப்பம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது. இனி அதைப் பிள்ளைமேல் போட முடியாது.

"என்னைக்கு அவ காது தெரிஞ்சுச்சு?" என்றாள், கோபமாகவே, ஆனால் என்னைப் பார்த்து. "விடிய எந்திரிச்சாத் தலைத்துண்டக் கட்டிக்கிட்டாள்னா பொழுது சாய்ஞ்சுதான் அவுப்பா. அட்டைக்குத்தான் காதத் தெரிய வைக்கச் சொன்னாங்க. எடுங்க அத. துண்ட வைங்க."

"என்னா நெறம்?"

"நீலம். என்னா நெறம்னு கேக்குறாரு பாரு. நீலத்தத் தவிர வேற வச்சிருந்தாளா?"

பிள்ளையைத் தனுஜாவிடம் கொடுத்துவிட்டு என் எதிரில் வந்து குந்தினாள். அவளுக்கு முகம் தலைகீழாகத் தெரிந்தது. அது அவளைத் தடுக்கவில்லை. அவள்தான் அக்காளுக்குப் பேன் பார்த்தவள். மடியில் அக்காளின் தலையைப் போட்டு, வாசலில் உட்கார்ந்து, மணிக்கணக்காகத் தலைகீழாகவே அந்த முகத்தைப் பார்த்தவள்.

"நெத்தி இம்புட்டு இல்ல. முடி நடுவுல கூம்பா எறங்கும், இங்க வரைக்கும். இந்தப் புருவத்துல ஒரு வெட்டு. சின்னதுல அகப்பைக் காம்பு பட்டது. அடிச்சது நான்தான்." கட்டை ஒன்றைப் பிடுங்கினாள். "கண்ணு ரெண்டும் ஒண்ணா இல்ல மச்சான். இது கொஞ்சம் சின்னது. தூக்கத்துல மூடவே மூடாது. ஒங்களுக்கு அதுகூடத் தெரியாதா?"

"தெரியாது."

"என்னாத்தத்தான் பார்த்தீங்க?"

"மரத்த."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். கட்டைச் சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் தினமும் வந்தாள். கங்காணியிடம் ஏதோ சொல்லி அரை மணி நேரம் அதிகம் வாங்கிக்கொண்டாள். மூன்று மணிக்குக் கலைப்போம். மறுநாள் முதலிலிருந்து வைப்போம். ஒவ்வொரு தடவையும் முகம் கொஞ்சம் வேகமாக வந்தது. கூம்பாக இறங்கும் முடிக்கு ஏழு கறுப்பு. புருவ வெட்டுக்கு ஒரு மஞ்சள். இடது கன்னத்தில் ஒரு சின்னப் புள்ளி வெள்ளை; ரப்பர் பால் தெறித்துக் காய்ந்தது, அவள் கழுவிக் கழுவிப் போகாமல் கடைசியில் விட்டுவிட்டது. அதைச் சொன்னது நான். எனக்கே ஆச்சரியம். சுப்பம்மா, "அட, ஆமா," என்றாள். மழை நேரத்து வெளிச்சத்தில், தொட்டில்களுக்குக் கீழே, ஒரு பெண் சாக்கிலிருந்து தினமும் எழுந்து வந்து, தினமும் சாக்குக்குள் திரும்பிப் போனாள். பிள்ளைகள் எழுந்து அவளுடைய கன்னத்தில் வீடு கட்டின, அவளுடைய தலைத்துண்டில் லொறி செய்தன. நான் பார்த்துக்கொண்டிருப்பேன். வருத்தமாக இருக்கவில்லை.

பரிசத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை. அன்று கலைக்கவில்லை. எங்கள் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பார்த்தோம். சேர்த்து வைத்த இரண்டு தட்டு, தூக்கினால் மூக்குக்கு நடுவில் பிளந்தது. மூன்று கட்டை உதிர்ந்ததும் சுப்பம்மா கத்திவிட்டாள். "வைங்க, வைங்க! அக்காவ ரெண்டா ஒடைச்சுடாதீங்க!" கடைசியில் தனுஜா சொன்னாள்: "அம்மா இங்கயே இருக்கட்டும். அவுங்கள இங்க கூட்டிக்கிட்டு வருவோம்."

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. மாப்பிள்ளை யோகராஜும் அவன் வீட்டாரும் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை வளையில் சுருட்டி வைத்திருந்தோம். தட்டுகளை ஒரு நீள வாங்குப் பலகையின்மேல் சுவரோடு சாய்த்து, குத்துவிளக்கு ஏற்றி, செவ்வந்தி மாலை போட்டிருந்தோம். மாப்பிள்ளையின் தாய் புடவைத் தட்டோடு நேரே கிட்டப் போய் நின்றாள். குனிந்து பார்த்தாள். முகம் மாறியது.

"என்னாங்க இது? வெளையாட்டுச் சாமானா இருக்கு? இதுக்கு முன்னாலயா பரிசப் புடவைய வைக்கச் சொல்லுறீங்க?"

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுப்பம்மா ஏதோ சொல்லப் போனாள். சொல்லியிருந்தால் பரிசம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

தனுஜாதான் அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள். "அத்தை, கொஞ்சம் வாங்க." வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். "இப்பப் பாருங்க. கண்ண லேசாச் சுருக்கிப் பாருங்க."

அந்த அம்மா பார்த்தாள். விளக்குச் சுடர் ஆடியது. நீலத் தலைத்துண்டுக்குக் கீழே, ஈர மண் நிறத்தில், ஒரு கண் சற்றுச் சின்னதாக, கன்னத்தில் பால் புள்ளியோடு வெள்ளையம்மா அவளைப் பார்த்தாள். அந்த அம்மாவின் கை தானாகப் போய் முந்தானையை எடுத்துத் தோளை மூடிக்கொண்டது. ஒரு ஆளுக்கு முன்னால் நிற்கும்போது செய்வது போல.

"மலைக்குப் போறதுக்கு ரெடியா நிக்கிறாங்க," என்றாள் மெதுவாக. பிறகு நடந்து போய் புடவையை வைத்துக் கும்பிட்டாள். "சம்பந்தி, ஒங்க மகள எங்களுக்குக் குடுங்க."

தனுஜா விழுந்து கும்பிட்டு எழுந்து புடவையை எடுத்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். முழுதாக, அவள் திரும்பிப் போகும் வரைக்கும் பார்த்தேன்.

சாப்பிடும்போது அந்த அம்மா, "நல்ல சாந்தமான மொகம் அவுங்களுக்கு," என்றாள். சுப்பம்மாவுக்குப் புரையேறிவிட்டது. "சாந்தமா? எங்க அக்காவா?" தண்ணீர் குடித்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை விடிய மறுபடி மழை. ஒரு மணிக்கு நான் போனபோது முகம் இல்லை. காலையிலேயே பிள்ளைகள் கேட்டிருக்கின்றன, தனுஜா தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தட்டு இரண்டும் துடைத்துப் பாயில் கிடந்தன. தொட்டில்கள் ஆடி அடங்கிக்கொண்டிருந்தன. சுப்பம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பரிசந்தான் முடிஞ்சிருச்சே. இன்னும் என்னாத்துக்கு வந்தீங்க மச்சான்?"

"சும்மாதான்."

தனுஜா சாக்கை என் பக்கம் தள்ளினாள். "அப்பா, நேத்துச் சின்னம்மா சிரிச்சாங்களே. அம்மாவுக்குக் கோவம் வந்தா எப்படி இருப்பாங்க? நான் போறதுக்குள்ள அந்த மொகத்தையும் பார்த்துடணும்."

நான் சுப்பம்மாவைப் பார்த்தேன்.

"என்னையப் பார்க்காதீங்க," என்றாள் அவள். "எனக்கு அந்த மொகம் தெரியாது, சுவத்துக்கு அந்தப் பக்கம் அவ போடுற சத்தந்தான் தெரியும். எங்கிட்ட அவ ஒரு நாளும் கோவப்பட்டதே இல்ல. அகப்பையால அடிச்ச அன்னைக்கும் அழத்தான் செஞ்சா."

கள்ளுக் குடித்துவிட்டு நான் ஏறி வரும் அந்திகள் ஞாபகம் வந்தன. காம்பரா வாசலில், இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, அவள் நேருக்கு நேர் நிற்பாள். அந்த நேரத்தில் எனக்கு முன்னால் மரம் எதுவும் இருக்காது.

சாக்குக்குள் கை விட்டு இரண்டு கறுப்புக் கட்டைகளை எடுத்தேன். நெற்றி வைக்கவில்லை, தலைத்துண்டு வைக்கவில்லை. வெறும் தட்டின் நடுவில் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி இரண்டு புருவத்தை அழுத்தினேன்.

"அய்யோ, அக்கா!" என்று சுப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.